கார் கதவிலும் கண்ணாடியிலும் நின்றுவிட்ட ஸ்டிக்கர் பசையைப் பெயின்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காட்பாடியில் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் இரு பக்கக் கதவுகளிலும் தம் கடையின் பெயரை ரேடியம் ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தார். பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமும் இருந்தது. இரண்டையும் உரித்தாகிவிட்டது. ஆனால் கதவில் எழுத்துகளின் வடிவத்திலேயே பசை நின்று, புழுதி ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. கண்ணாடியில் கை வைத்தால் ஒட்டுகிறது. வேப்ப மரத்தடியில் நிறுத்துவதால் பானெட்டில் பழுப்பு நிறப் பிசின் சொட்டுகளும் இறுகியிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் போடச் சொல்கிறார். ரேடியம் கடைக்காரர் தின்னர் என்கிறார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவினர், அங்கே பசை துடைக்கும் திரவத்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். இவற்றில் எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பசையைக் கரைப்பது பெரிய காரியமில்லை. மூன்று பேர் சொன்ன எல்லாமே அதைக் கரைக்கும். பசை போகிற வழியில் பெயின்ட்டும் கண்ணாடியும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை என்று புரிந்துகொண்டு, அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். வேலூர்ப் பக்கத்து டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் பல ஆண்டுகளாகப் பெயின்ட் பிரிவைப் பார்த்துவருகிறேன். எங்களிடம் வரும் கார்களில், ஸ்டிக்கரால் கெட்டவற்றைவிட ஸ்டிக்கரை எடுக்கப்போய்க் கெட்டவையே அதிகம். காரணம் எளியது. காரின் மேல் இருக்கும் பெயின்ட் நாம் நினைப்பதைவிட மிகவும் மெல்லியது. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகளையும் சேர்த்தால்கூடக் கம்பெனி பெயின்ட்டின் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நாம் எழுதப் பயன்படுத்தும் ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். அதில் பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதுமான கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பும் அந்த 50 மைக்ரானுக்குள்தான் நடக்கிறது.

பிசுபிசுப்பு எதுவாயிருந்தாலும் ஒரே மருந்து என்று நினைப்பதிலிருந்துதான் தவறு ஆரம்பிக்கிறது. உங்கள் காரில் இருப்பது இரண்டு வேறு பொருள்கள். பானெட்டில் இருக்கும் வேப்பம் பிசின், கருவேலம் பிசினைப் போலவே, தண்ணீரில் கரைகிற சர்க்கரைச் சங்கிலிப் பொருள். முருங்கைப் பிசின் முழுதாகக் கரையாது. ஆனால் தண்ணீரில் ஊறி உப்பிக்கொள்ளும். இவற்றின் மேல் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ எவ்வளவு ஊற்றினாலும் பலன் இருக்காது. மரப் பிசினுக்கு ஸ்பிரிட் (ஆல்கஹால்) போடுங்கள் என்று குளிர் நாடுகளிலிருந்து வரும் வீடியோக்களில் சொல்வார்கள். அவர்களுடைய பைன் மரத்திலிருந்து வடிவது எண்ணெய்த் தன்மையுள்ள குங்கிலியம் போன்ற பொருள், அதற்கு அது சரி. நம் வேப்ப மரத்துக்கு அது பொருந்தாது. வேலூரிலிருந்து குடியாத்தம் வரை மாமரத்தடியில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தை, மாசியில் மா பூக்கும்போது கார் முழுவதும் சர்க்கரைப் பாகு தெளித்ததைப் போல ஒட்டுவது மரத்தின் பால் அன்று, பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கழிவு. அதுவும் தண்ணீரில் போய்விடும். விட்டுவைத்தால் அதன் மேல் கரும்பூஞ்சணம் வளர்ந்து, பார்ப்பதற்குத் தார் தெளித்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே பானெட்டுக்கு எந்த ரசாயனமும் வேண்டாம். காரை நிழலில் நிறுத்தி, பானெட் ஆறியபின், கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பழைய டர்க்கி டவலை நனைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் மடித்து வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்து வையுங்கள். கால் மணி நேரத்தில் பிசின் கண்ணாடி போன்ற கடினம் போய் ஜெல்லி மாதிரி ஆகும். நகத்தால் சுரண்டாமல், விரல் நுனியின் சதைப் பகுதியால் ஓரத்திலிருந்து தள்ளினாலே வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால் இன்னும் ஊறவில்லை என்றுதான் பொருள். கூடுதலாக அழுத்தாதீர்கள், கூடுதலாக ஊறவிடுங்கள். பிசின் போன இடத்தில் வட்டமாக ஒரு மங்கல் தெரிந்தால் அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனிக் கதவு. ஸ்டிக்கர் பசைகளில் பொதுவாக இரண்டு குடும்பங்கள் உண்டு: ரப்பர் வகை, அக்ரிலிக் வகை. மாஸ்கிங் டேப் பலவற்றிலும் மலிவான தாள் ஸ்டிக்கர்களிலும் ரப்பர் வகை அதிகம். ரேடியம் கடையில் வெட்டி ஒட்டும் வினைல் ஸ்டிக்கர்களில் பெரும்பாலும் அக்ரிலிக் வகை. ரப்பர் பசை எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் சீக்கிரம் இளகும். ஆனால் வெயிலில் காய்ந்து வறண்டால் பழுப்பேறி ஓடு மாதிரி வெடிக்கும். அக்ரிலிக் பசை வெயிலை நன்றாகத் தாங்கும். எண்ணெய்க்கு மெதுவாகத்தான் மசியும். ஸ்பிரிட் பட்டால் வெளுத்து உப்பிப் பிடியை விடும். வினைல் ஸ்டிக்கர் நாள்பட ஒட்டியிருந்தால் அந்த வினைலை வளையவைக்கச் சேர்த்திருந்த எண்ணெய்ப் பொருள் பசைக்குள் இறங்கி, பசை சளி மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. உங்கள் கதவில் இருப்பது எது என்று தெரிய ஒரு சிறு சோதனை போதும். பசையின் ஒரு மூலையில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, இன்னொரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு என்று வைத்துப் பத்து நிமிடம் கழித்து இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது இளகியிருக்கிறதோ அந்த வழியில் போங்கள். இரண்டுமே கொஞ்சம் இளகியிருந்தால் எண்ணெயையே தேர்ந்தெடுங்கள். பெயின்ட்டுக்கு அதுதான் பாதுகாப்பு.

சோதனைக்கு முன்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. அந்தக் கதவின் பெயின்ட் கம்பெனியில் அடித்ததா, பட்டறையில் அடித்ததா என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் வெறும் கூட்டை மட்டும் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். அதனால் கிளியர் கோட்டின் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன, பிறகு எந்தச் சாதாரணத் திரவமும் அதைக் கரைக்க முடியாது. பட்டறைக்கு வரும் காரில் ரப்பர், பிளாஸ்டிக், ஒயரிங் எல்லாம் இருப்பதால் 60 டிகிரிக்கு மேல் போக மாட்டோம். பல இடங்களில் வெறும் காற்றில்தான் காயவைக்கிறார்கள். கடினப்படுத்தி (ஹார்ட்னர்) கலந்து அடித்த நல்ல பெயின்ட் என்றால் காற்றில் முழுதாக இறுக ஒரு மாதம் ஆகலாம். அதன் பிறகு அது தாங்கும். ஆனால் சில பட்டறைகளில் செலவைக் குறைக்க இன்னும் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் எத்தனை ஆண்டு கழித்தும் தின்னரில் அப்படியே கரைந்து வரும், ஏனென்றால் அது உலர்வது தின்னர் ஆவியாவதால் மட்டுமே. உங்கள் ரேடியம் கடைக்காரர் சொன்னது உங்கள் கதவுக்கு என்ன செய்யும் என்பது இதைப் பொறுத்தது. கதவைத் திறந்து, கீல் பக்கத்து உள்மடிப்பில் கண்ணில் படாத இடத்தில், நீங்கள் பயன்படுத்தப்போகும் திரவத்தை வெள்ளைப் பனியன் துணியில் தொட்டு அரை நிமிடம் மெதுவாகத் துடையுங்கள்; அதே சோதனையைக் கதவின் வெளிப்பக்கம் அடிவிளிம்பிலும் செய்யுங்கள், ஏனென்றால் வெளிப்பக்கம் மட்டும் மறுபடி அடித்திருப்பார்கள். துணியில் காரின் நிறம் இறங்கினாலோ, துடைத்த இடம் மங்கி ஒட்டும் தன்மை வந்தாலோ அந்தத் திரவத்தை அந்தக் கதவில் தொடாதீர்கள். எண்ணெயோடும் சோப்புத் தண்ணீரோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலூர் வெயில் இந்த வேலைக்கு நண்பனும் பகையும் ஆகும். கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வெயிலில் நிற்கும் அடர்நிறக் காரின் தகடு கை வைக்க முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இளகி முழுதாக உரியும். அதே சூட்டில் ஸ்பிரிட்டையோ வேறு திரவத்தையோ தெளித்தால், பசைக்குள் இறங்குவதற்கு முன்பே ஆவியாகிவிடும்; கரைந்த கொஞ்சப் பசையும் இழுபட்டு முன்பைவிட அகலமான கறையாகப் படியும். உரிக்க வெயில், துடைக்க நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் உரிக்காத ஸ்டிக்கர் ஏதாவது மீதி இருந்தால், காலை ஒன்பது, பத்து மணி வெயில் ஏறியபின் ஒரு மூலையை நகத்தால் தூக்கி, தகட்டை ஒட்டியே பின்னோக்கி மடித்து, அவசரப்படாமல் இழுங்கள். நேர் மேலாக இழுத்தால் மேலே வினைல் மட்டும் வந்து பசை கீழே தங்கிவிடும். மழை நாளில் தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். பட்டறையில் வைத்திருக்கும் ஹீட் கன் வீட்டுக்கு வேண்டாம். அதன் முனையில் 300 டிகிரிக்கு மேல் சூடு வரும், ஒரே இடத்தில் நின்றால் கிளியர் கோட் கொப்புளிக்கும்.

கதவை இப்படிச் செய்யுங்கள். முதலில் ஷாம்பு கலந்த தண்ணீரால் கதவு முழுவதையும் கழுவுங்கள். பசையில் ஒட்டியிருக்கும் புழுதி மணல்தான், அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதாகும். பசைக்குள் புதைந்த மணல் கழுவினாலும் போகாது என்பதால், அடுத்த படியில் தேய்ப்பே இல்லை. சமையலறைத் தாளையோ மெல்லிய பனியன் துணியையோ தேங்காய் எண்ணெயில் நனைத்து, எழுத்துகளின் மேல் ஒட்டவையுங்கள். செங்குத்தான கதவில் வழியாமல் இருக்க, அதன் மேல் பிளாஸ்டிக் கவர் ஒன்றை வைத்து அழுத்தினால் எண்ணெயின் பிடிப்பிலேயே நிற்கும். அரை மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் கறுத்த பசையின் ஓரங்கள் சுருங்கித் தூக்கியிருக்கும். அப்போது கட்டைவிரலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். பசை மணலோடு சேர்ந்து சிறு சிறு திரியாக உருண்டு வரும், அந்தத் திரிகளை உடனே துணியில் எடுத்துவிட வேண்டும், திரும்பவும் அதே இடத்தில் உருட்டக் கூடாது. விரலால் வராத இடத்துக்குப் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைத் துணியால் சுற்றிப் பயன்படுத்தலாம். முதல் சுற்றில் மேல் பசை போகும். மீதிக்கு மறுபடி எண்ணெய், மறுபடி அரை மணி. கடைசியில் தங்கும் மெல்லிய படலத்தை மட்டும் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு கதவுக்கு ஒரு காலைப் பொழுது போகும். கையின் பலத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுப்பதுதான் இந்த முறையின் சாரம்.

பசை எண்ணெய்க்கு மசிய மறுத்தால் அடுத்து எது என்ற வரிசையையும் சொல்கிறேன். பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன், மண்ணெண்ணெய், துரு இளக்கும் ஸ்பிரேயான டபிள்யூடி-40 மூன்றும் வேலையளவில் நெருங்கிய உறவினர்கள். ரப்பர் பசைக்கும் ரோட்டில் தெறித்த தாருக்கும் நன்றாகக் கேட்கும், இறுகிய கம்பெனி பெயின்ட்டைச் சில நிமிடத் தொடர்பில் ஒன்றும் செய்யாது. டபிள்யூடி-40 பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரமில்லை. அது மேலே பூசியிருக்கும் மெழுகைக் கரைக்கும், அவ்வளவுதான். நீலகிரித் தைலம் நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது, இவற்றைவிட வலுவானது, அக்ரிலிக் பசையையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் நேரே ஊறவைக்காமல், துணியில் தொட்டு ஓரிரு நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட வேண்டும், பிளாஸ்டிக் பாகங்களில் படவே கூடாது. ஸ்பிரிட் தனியாகக் கிடைக்காவிட்டால், கோவிட் காலத்தில் வாங்கிவைத்த தண்ணீர் போன்ற சானிடைசர் போதும். அதில் பெரும்பாலும் 70 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருக்கும், கலந்திருக்கும் கிளிசரின் கழுவினால் போய்விடும். கடையில் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் அடிப்படையில் விற்கும் பசை நீக்கிகளும் நல்லவை, விலைதான் கூடுதல்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெட்ரோல் பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனாலும் வேண்டாம் என்கிறேன், பெயின்ட்டுக்காக மட்டுமல்ல. பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே தீப்பிடிக்கும் தன்மையுள்ளது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி, சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பிலோ பீடியிலோ பற்றித் திரும்பி வரும். அதில் சிறிதளவு பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்குவது நிரூபணமான பொருள். வெறுங்கையால் பெட்ரோல் துணியை அரை மணி நேரம் பிடித்திருப்பதற்கு எந்த ஸ்டிக்கரும் பெறுமானமில்லை. தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் இரண்டும் பட்டறைப் பெயின்ட்டைக் கரைக்கும், கம்பெனி கிளியர் கோட்டையும் உப்பவைத்து மங்கச் செய்யும். உங்கள் உறவினர் கொண்டுவருவதாகச் சொல்வது இவற்றிலும் கடுமையானதாக இருக்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் அடிப்பாகம் ஒட்டும் பசைகளுக்காக டொலுவீன், எம்.இ.கே. போன்ற கரைப்பான்கள் புழங்குகின்றன. அவை ஷூவின் தோலில் நிற்கும் பாலியூரித்தேன் பசையையே இளக்குகிறவை, பட்டறையில் அடிக்கும் கிளியர் கோட்டும் பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அவருடைய நல்லெண்ணத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, பாட்டிலை வாங்காதீர்கள்.

கண்ணாடிக்கு வருவோம். 2012 ஏப்ரல் 27 அன்று, கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு ஃபிலிம் உரிக்கும் வேலை பட்டறைகளுக்கு நிறையவே வந்தது. அதில் அதிகம் பாழானவை பின்கண்ணாடியின் சூடேற்றும் கோடுகள். கண்ணாடி பெயின்ட்டைப் போல இல்லை, மேலே சொன்ன திரவங்கள் எதுவும் அதைக் கரைக்காது என்பதால் மக்கள் துணிந்து பிளேடை எடுத்துவிடுகிறார்கள். உங்கள் பின்கண்ணாடியின் உள்பக்கம் குறுக்கே பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை கண்ணாடியின் மேல் அச்சிட்டுச் சுட்ட வெள்ளிப் பசைக் கோடுகள். ஃபிலிம் ஒட்டியிருந்ததும் அதே உள்பக்கத்தில்தான். பிளேடு ஒரு முறை குறுக்கே போனால் அந்தக் கோடு அறுந்து, மழைக்காலத்தில் அந்தப் பட்டை மட்டும் பனி விலகாமல் நிற்கும். சில மாடல்களில் ரேடியோ ஆன்டெனாவும் அதே கோடுகளில்தான் இருக்கிறது. கோடு இருந்தால் பிளேடு, ஸ்டீல் ஸ்க்ரப்பர், பச்சை நார் மூன்றுக்கும் இடமில்லை.

அங்கே செய்ய வேண்டியது ஊறவைப்பது மட்டுமே. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஸ்பிரேயில் அடித்து, கண்ணாடி அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் ஷீட்டை அதன் மேல் ஒட்டவைத்து, பின்கண்ணாடி வெயிலைப் பார்க்கும்படி காரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். இந்த ஒரு இடத்தில் திரவமும் வெயிலும் சேரலாம், ஏனென்றால் ஷீட் மூடியிருப்பதால் தண்ணீர் ஆவியாக வழியில்லை. பிறகு ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, பிளாஸ்டிக் கார்டால் கோடுகள் ஓடும் திசையிலேயே, குறுக்காக அல்லாமல் நீளவாக்கில், தள்ளிக்கொண்டு வாருங்கள். மீதிக்கு ஸ்பிரிட். கண்ணாடியின் கீழே இருக்கும் தட்டிலும் ஸ்பீக்கரிலும் திரவம் இறங்காமல் டவல் போட்டு மூடுவதும், நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு செய்வதும் அவசியம். வேறு கண்ணாடியில் இன்னும் ஃபிலிம் இருந்தால் அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் அதற்குப் பகை. ஃபிலிமை ஊதா நிறமாக்கி உரியவைக்கும்.

கோடுகள் இல்லாத முன்கண்ணாடியில், பழைய பாஸ்டேக் எடுத்த இடத்துக் கறை போன்றவற்றுக்கு, பிளேடு பயன்படுத்தலாம். பாஸ்டேக் முழுதாக உரியாமல் துண்டு துண்டாகக் கிழிவது திருட்டைத் தடுக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வழியாக அடிக்கடி போகிறவர்கள் புது டேக் மாற்றும்போது அரையும் குறையுமாகக் கிழித்துவிட்டு அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். புது பிளேடு, நிறையச் சோப்புத் தண்ணீர், கண்ணாடியோடு 30 டிகிரிச் சாய்வு, ஒரே திசையில் முன்னோக்கித் தள்ளல்; பின்னால் இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளேடுக்கு அடியில் சிக்கிய மணல் கோடு போடும். பக்கக் கதவுக் கண்ணாடிகளில் நான் பிளேடைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். அவை சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடிகள். அந்தச் சூளையில் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் நுண்துகள்களைப் பிளேடு பெயர்த்து இழுத்துக் கீறல் போடுவது உண்டு.

ஓரங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கை மறந்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் அந்த ரப்பரை உப்பவைக்கும். பிறகு கதவு அடைக்கும்போது மடிந்து, மழையில் தண்ணீர் உள்ளே வரும். வேலை தொடங்கும் முன் பீடிங்கின் மேல் டேப் போட்டு மறைத்துவிடுங்கள். ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதில் சோப்புத் தண்ணீரும் நீர் கலந்த ஸ்பிரிட்டும் தவிர எதுவும் கூடாது, தின்னர் பட்டால் உள்ளுக்குள்ளேயே நுண்வெடிப்புகள் விடும்.

பசை முழுதும் போன பிறகும் கடையின் பெயர் கதவில் நிழல்போலத் தெரியக்கூடும். விரலால் தடவினால் வழவழப்பாக, ஒட்டாமல் இருந்தால் அது பசை அல்ல. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாக நிற்கிறது, சுற்றியுள்ள பெயின்ட்தான் மங்கியிருக்கிறது. அதை எந்தத் திரவமும் போக்காது. மெல்லிய ரப்பிங் காம்பவுண்ட் (தேய்ப்புப் பொடி கலந்த மெருகுக் குழம்பு) போட்டுச் சுற்றுப்புறத்தை மெருகேற்றினால் வேறுபாடு குறையும். பெரும்பாலான வெள்ளைக் கார்களில் ஏறக்குறைய மறைந்துவிடும், சிவப்பிலும் அடர்நீலத்திலும் முழுதாக மறைவது சந்தேகம். ஒவ்வொரு காம்பவுண்டும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைத் தின்கிறது என்பதால், இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பானெட்டில் பிசின் சொட்டு இருந்த இடத்து வட்ட மங்கலுக்கும் இதே அளவுதான். மேற்பரப்பில் இருந்தால் காம்பவுண்டில் போகும், நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டால் போகாது. பற்பசை தேய்க்கச் சொல்வார்கள். அதிலும் தேய்ப்புப் பொடிதான் இருக்கிறது, ஆனால் அதன் பருமன் காருக்கென்று அளந்ததல்ல.

கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். பாலாற்றுப் படுகையைச் சுற்றி நம் நிலத்தடி நீரில் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கூடுதல். காரில் அது தானாகக் காய்ந்தால் கதவிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழும், அவற்றை எடுப்பது பசையை எடுப்பதைவிடக் கடினம். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு வாளி போதும், உடனே துடைத்துவிடுங்கள். பசை எடுத்த இடத்தில் மெழுகு முழுவதும் போயிருக்கும் என்பதால், அன்றே அந்தக் கதவுக்கும் பானெட்டுக்கும் வாக்ஸ் பூசிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் நான் தீர்மானிக்க முடியாத ஒன்று இருக்கிறது: ஸ்டிக்கரை உரித்தபோது அதன் பின்பக்கத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா? கதவில் சில இடங்கள் மட்டும் பளபளப்பில்லாமல், ஓரம் செதில் செதிலாகத் தெரிகிறதா? அப்படியானால் கிளியர் கோட்டே பசையோடு பெயர்ந்துவிட்டது. அங்கே எண்ணெய், ஸ்பிரிட் எதையும் தொடராமல் பெயின்ட்டரிடம் காட்டுங்கள். அவரிடம், அந்த இடத்தை மட்டும் ‘டச்சப்’ செய்யச் சொல்லாமல், கதவு முழுவதற்கும் கடினப்படுத்தி கலந்த கிளியர் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். துண்டாக அடித்த கிளியர் அதன் விளிம்பில் விரைவிலேயே மறுபடி உரியத் தொடங்கும். அடித்த பிறகு ஒரு மாதத்துக்கு அந்தக் கதவில் வாக்ஸும் ஸ்டிக்கரும் வேண்டாம்.